குற்றம் சாட்டுவதற்கு முன் ஆம்பியரைக் கேளுங்கள்

சென்ற ஏப்ரல் மாதம், தமிழ்மொழி விழாவை ஒட்டி ஜூரோங் வெஸ்ட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் மாணவர்கள் ஓர் ஆடல் நிகழ்ச்சி நடத்தினார்கள். எல்லாம் மேளச் சத்தம் நிறைந்த பாடல்கள். இரண்டு மணி நேரத்துக்குத் திட்டமிட்டிருந்தோம். அந்த இடத்தில் பிளக் வசதி இல்லாததால், பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனோம்.

லேக்சைட் நிலையத்துக்கும் பூன் லே நிலையத்துக்கும் இடையே எம்ஆர்டி ரயில் மேம்பாலத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு முறை ரயில் போகும்போதும் பாட்டு கேட்கவில்லை என்று பின்வரிசையில் இருந்தவர்கள் கையைக் காட்டினார்கள். சத்தத்தைக் கூட்டினோம். ஏறக்குறைய 70 நிமிடம் ஆனபோது, மேளம் உச்சத்துக்குப் போன இடத்தில், பெட்டி சட்டென்று ஊமையானது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கை தூக்கியபடியே நின்றார்கள். மறுபடி இயக்கினோம். சில விநாடிகள் பாடியது, அடுத்த பலத்த அடியில் மறுபடி நின்றது.

ஒலிப் பொறுப்பு உயர்நிலை மூன்று மாணவர் ஒருவரிடம் இருந்தது. நான் அவரிடம் போய், எல்லாருக்கும் கேட்கும்படி, “சார்ஜ் போட மறந்துட்டியா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர், ராத்திரியே போட்டுட்டேன். பச்சை விளக்கு வந்த பிறகுதான் கழட்டினேன்” என்றார். நான் நம்பவில்லை. பெட்டியின் மேல் “8 மணி நேரம் வரை இயங்கும்” என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. 8 மணி நேரம் ஓட வேண்டியது 70 நிமிடத்தில் நின்றால், சார்ஜ் போடவில்லை என்றுதானே பொருள்? அப்படித்தான் முடிவு செய்தேன்.

நான் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் “சான்று எங்கே?” என்று தினமும் கேட்பவள். அன்று எனக்கு இருந்த ஒரே சான்று ஒரு விளம்பர வாசகம். அதை நம்பினேன், என் எதிரில் நின்ற மாணவரை நம்பவில்லை. அந்த வாரம் நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த ஓர் அளவீடு என் முடிவைப் புரட்டிப் போட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: நாம் பயன்படுத்தும் ஒரு கருவி எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது என்பதை, புத்தகக் கணக்கில் மட்டும் பார்க்காமல், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு தடவையாவது தம் கையால் அளந்து பார்க்க வேண்டும்.

பெட்டியில் எழுதியிருந்தவை

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் அந்த மாணவரும் அவருடைய நண்பர்கள் இருவரும் நானும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். அளப்பதற்கு முன் படிப்போம் என்றேன். பெட்டியிலும் உள்ளே இருந்த பேட்டரியிலும் நான்கு செய்திகள் இருந்தன. உச்சத் திறன் 300 வாட். 8 மணி நேரம் வரை இயங்கும். பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. ஃபியூஸ் 10 ஆம்பியர்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திறன் என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 300 வாட் வேண்டுமென்றால் 25 ஆம்பியர் ஓட வேண்டும். ஆனால் வழியில் உட்கார்ந்திருப்பதோ 10 ஆம்பியர் ஃபியூஸ். தொடர்ந்து 25 ஆம்பியர் ஓடினால் அந்த ஃபியூஸ் உருகிவிடும். ஆக, 300 வாட் என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கு வந்து போகும் உச்சமாக வேண்டுமானால் இருக்கலாம். தொடர்ந்து கிடைக்கும் திறனாக இருக்க வழியே இல்லை. ஒரு கருவியும் திறக்காமல், ஒரு கம்பியும் தொடாமல், உயர்நிலை மூன்றில் படித்த ஒரே ஒரு சூத்திரம் இவ்வளவையும் சொல்லிவிட்டது.

ஒலிக்கருவிகளின் வாட் கணக்கில் இந்தக் குழப்பம் புதிதல்ல. அமெரிக்காவில் வீட்டு ஒலிபெருக்கிகளுக்கு ஆளுக்கொரு விதமாக வாட் எண்ணைப் போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. அதைச் சரிசெய்ய, தொடர்ந்து தரக்கூடிய திறனை இன்ன முறையில் அளந்துதான் விளம்பரம் செய்ய வேண்டும் என்று அந்நாட்டுக் கூட்டரசு வர்த்தக ஆணையம் 1974ல் விதி கொண்டுவந்தது. 2024ல் அந்த விதியைத் திருத்தி, சோதனை நிலைமைகளை இன்னும் தெளிவாக்கியது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு விதியைத் திருத்த வேண்டியிருக்கிறது என்றால், அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து நாம் ஏமாறுவதில் வியப்பில்லை.

எப்படி அளந்தோம்

மின்னோட்டத்தை அளக்க அம்மீட்டரைத் தொடரிணைப்பில் வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஓடுகிற தண்ணீரை அளக்க, ஓடும் வழியிலேயே மீட்டரை வைப்பதுபோல. தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பள்ளி மல்டிமீட்டரைக் கையில் எடுத்ததும் சிக்கல் தொடங்குகிறது. அதில் மில்லியம்பியர் துளை ஒன்று, 10 ஆம்பியர் துளை ஒன்று. மில்லியம்பியர் துளையில் போட்டால் உள்ளே இருக்கும் சிறிய ஃபியூஸ் முதல் மேள அடியிலேயே போய்விடும். 10 ஆம்பியர் துளையில் போட்டால், மலிவான பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது. அதிக மின்னோட்டத்தைச் சில விநாடிகளுக்கு மேல் அளக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும்.

ஆகவே வேறு வழியில் போனோம். சிம் லிம் டவரில் 0.1 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அரிசி மூட்டை மாதிரி வெள்ளை நிறத்தில், விரல் நுனி அளவில் இருக்கும். முதலில் பெட்டியிலிருந்து சார்ஜரை முழுவதும் கழற்றினோம். பேட்டரியிலிருந்து வரும் சிவப்புக் கம்பி ஃபியூஸுக்குப் போய், அங்கிருந்து ஓர் இணைப்பான் வழியாகப் பெருக்கிச் சுற்றுக்குப் போகிறது. ஃபியூஸை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடுத்த இணைப்பானை மட்டும் கழற்றி, இடையில் இந்த மின்தடையைச் சேர்த்தோம். எங்கேயாவது கம்பி தவறுதலாக உரசினாலும் ஃபியூஸ் காப்பாற்றும்.

இனி மின்னோட்டத்தை நேராக அளக்க வேண்டியதில்லை. மின்தடையின் இரண்டு முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளந்தால் போதும். 0.1 ஓம் வழியாக 1 ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட், அதாவது 100 மில்லிவோல்ட் காட்டும். 250 மில்லிவோல்ட் காட்டினால் 2.5 ஆம்பியர். ஓம் விதியை மறுபக்கத்திலிருந்து படிப்பது மாதிரி. மின்னழுத்தம் அளக்கும்போது மீட்டரின் ஃபியூஸும் போகாது, மாணவர்களின் கையும் நடுங்காது.

அடுத்த சிக்கலைத்தான் எந்தப் பாடநூலும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பாட்டு தொடங்கியதும் மீட்டரில் எண்கள் துள்ள ஆரம்பித்தன. 140, 380, 90, 520, 260. “எதை எழுதுறது டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. பாடநூலில் உள்ள விளக்கு ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் இழுக்கும். இசை அப்படி இல்லை. மேளம் அடிக்கும் கணத்தில் பெருக்கி நிறைய இழுக்கும், அடிகளுக்கு நடுவே கொஞ்சமாக இழுக்கும். இங்கே “மின்னோட்டம் எவ்வளவு?” என்ற கேள்வியே போதாது. சராசரி எவ்வளவு, உச்சம் எவ்வளவு என்று இரண்டாகக் கேட்க வேண்டும். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சராசரி தீர்மானிக்கிறது. பெட்டி எந்தக் கணத்தில் அணையும் என்பதை உச்சம் தீர்மானிக்கிறது.

சராசரிக்கு மாணவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மீட்டரின் திரையைக் கைப்பேசியில் 2 நிமிடம் படம் பிடித்தார்கள். பிறகு 2 விநாடிக்கு ஒரு முறை நிறுத்தி, 60 எண்களை எழுதிக் கூட்டி வகுத்தார்கள். உச்சத்தை இந்த மீட்டரால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. அது விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். ஒரு மேள அடி அதைவிட வேகமாக வந்து போய்விடும். அதற்கு அலைகாட்டி வேண்டும். ஆனால் எங்கள் கேள்விக்குச் சராசரியே போதுமானதாக இருந்தது.

எண்கள் சொன்ன சாட்சி

சத்தத்தை முழுக்கக் குறைத்து, பெட்டியை இயக்கி மட்டும் வைத்தபோது 0.4 ஆம்பியர். ஒன்றும் பாடாமல் சும்மா இருப்பதற்கே இவ்வளவா? பெட்டியின் முன்புறம் சுற்றிச் சுற்றி எரியும் வண்ண விளக்குகளை அணைத்தோம். 0.15 ஆக இறங்கியது. விளக்கு அலங்காரம் மட்டும் 0.25 ஆம்பியர்! இரண்டு மணி நேரத்துக்கு அது அரை ஆம்பியர்-மணி. யாருக்கும் கேட்காத செலவு.

விளக்கை அணைத்துவிட்டு, வகுப்பறையில் பேசும் அளவுக்கு ஒலிவாங்கியில் பேசியபோது சராசரி 0.7 ஆம்பியர். நிகழ்ச்சியில் போட்ட அதே பாடல்களை, அதே அளவு சத்தத்தில், விளக்கு எரிய ஓட்டியபோது சராசரி 3.2 ஆம்பியர். மீட்டரில் கண்ட மிக உயர்ந்த எண் 6.1 ஆம்பியர்.

இப்போது “8 மணி நேரம்” என்ற வாசகத்துக்குத் திரும்புவோம். 0.7 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம் என்றால் 5.6 ஆம்பியர்-மணி. புதிய 7 ஆம்பியர்-மணி பேட்டரி அதைத் தரக்கூடும். அதாவது அட்டைப்பெட்டி பொய் சொல்லவில்லை. ஒருவர் மெதுவாக உரையாற்றினால் எவ்வளவு நேரம் ஓடும் என்று அது சொன்னது. ரயில் சத்தத்தையும் மீறி மேளப் பாட்டுப் போட்டால் எவ்வளவு நேரம் ஓடும் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. “வரை” என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குள் எல்லாம் ஒளிந்திருந்தது.

கணக்கோடு நிறுத்தவில்லை. பேட்டரியை ஆய்வுக்கூடத்திலேயே, என் கண் முன்னால், முழுமையாகச் சார்ஜ் செய்தோம். மறுநாள் பள்ளி மண்டபத்தில் அதே பாடல்களை அதே சத்தத்தில் ஓட விட்டு நேரம் பார்த்தோம். 74ஆவது நிமிடத்தில், ஒரு பலத்த மேள அடியில், பெட்டி அணைந்தது. முழுமையாகச் சார்ஜ் ஆன பேட்டரி. சார்ஜ் போட்டது நான். இம்முறை என்னை யார் கேட்பது, “மறந்துட்டியா?” என்று?

அந்த மாணவர் ஒன்றும் பேசவில்லை. நேரம் குறித்த தாளை என் பக்கம் தள்ளி வைத்தார்.

ஊற்றுக் கிணறு

ஆனால் ஒரு கணக்கு இன்னும் இடித்தது. 3.2 ஆம்பியர் வீதம் 74 நிமிடம் என்றால் சுமார் 4 ஆம்பியர்-மணிதான். பேட்டரியில் 7 என்று போட்டிருக்கிறதே, மீதி 3 எங்கே?

இதற்கு ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஊறுகிற கிணற்றில் நிதானமாக இறைத்தால் நாள் முழுக்கத் தண்ணீர் கிடைக்கும். பம்பு வைத்து வேகமாக இறைத்தால் சீக்கிரமே தரை தெரியும். கிணற்றில் தண்ணீர் தீர்ந்துவிடவில்லை. ஊறி வர நேரம் கொடுக்கவில்லை. சற்று நேரம் விட்டால் மறுபடி கொஞ்சம் ஊறியிருக்கும். ஈய-அமில பேட்டரியும் இப்படித்தான். வேகமாக மின்னோட்டத்தை இழுத்தால், தகடுகளின் நுண்துளைகளுக்குள் அமிலம் பரவி வருவதற்கு நேரம் போதாது. 1897ல் பாய்கெர்ட் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் இதை ஒரு விதியாக வகுத்தார்: எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ, மொத்தத்தில் அவ்வளவு குறைவாகக் கிடைக்கும்.

இந்த வகைச் சிறிய பேட்டரிகளில் 7 ஆம்பியர்-மணி என்று போட்டால், 20 மணி நேரத்துக்கு 0.35 ஆம்பியர் வீதம் மெதுவாக இழுத்தால் கிடைப்பது என்பதே வழக்கமான பொருள். நாங்கள் இழுத்ததோ அதைப்போல் ஒன்பது மடங்கு. போதாததற்கு அது இரண்டு வயதான பேட்டரி.

மேளம் உச்சத்துக்குப் போனபோது அணைந்ததற்கும் காரணம் கிடைத்தது. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் சிறிய உள்மின்தடை உண்டு. மின்னோட்டம் பாய்ந்து எழும் கணத்தில் அந்த உள்மின்தடையிலேயே ஒரு பகுதி மின்னழுத்தம் செலவாகி, வெளியே வருவது தாழ்ந்துவிடும். பேட்டரி கெட்டுப்போகாமல் இருக்க, மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் பெட்டி தானாக அணையும். அடிகளுக்கு நடுவே வரம்புக்கு மேல். பலத்த அடியில் வரம்புக்குக் கீழே. அதனால்தான் மறுபடி இயக்கியதும் சில விநாடி பாடிவிட்டு மறுபடி நின்றது. பேட்டரி விளக்குகள் நான்கில் இரண்டு அப்போதும் எரிந்ததற்கும் இதுவே காரணம். ஓய்வில் இருக்கும்போது பார்த்தால் எல்லாப் பேட்டரியும் நல்ல பிள்ளைதான்.

பேட்டரியிடம் இந்தத் தொல்லையைச் சந்தித்த முதல் ஆசிரியர் நானல்ல. கேயோர்க் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். மின்னோட்டத்துக்கும் கம்பிக்கும் உள்ள தொடர்பை அவர் முதலில் வோல்ட்டா வகை மின்கலங்களை வைத்துத்தான் ஆராய்ந்தார். அளந்துகொண்டிருக்கும்போதே மின்கலம் தளர்ந்துபோனது. எண்கள் நிலையாக நிற்கவில்லை. போக்கெண்டார்ஃப் என்ற இயற்பியல் இதழாசிரியரின் யோசனைப்படி, வெப்பநிலை வேறுபாட்டால் மின்சாரம் தரும் வெப்ப இரட்டைக்கு மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். மின்னழுத்தம் அசையாமல் நின்றது. அதன்பின் கிடைத்த அளவீடுகள்தான் 1827ல் அவர் வெளியிட்ட நூலுக்கும் நீங்கள் மனப்பாடம் செய்யும் ஓம் விதிக்கும் அடித்தளம். முதலில் அவருக்கு நல்ல வரவேற்பு இல்லை. 1841ல்தான் லண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் தந்தது. சூத்திரத்தை நாம் நினைவு வைத்திருக்கிறோம். அதற்குப் பின்னால் தளர்ந்துபோகிற பேட்டரியோடு ஒரு பள்ளி ஆசிரியர் மல்லுக்கட்டியதை மறந்துவிடுகிறோம்.

மூன்று மறுப்புகள்

இதையெல்லாம் வகுப்பில் செய்ய வேண்டும் என்று நான் சொன்னால் மூன்று மறுப்புகள் வரும். சக ஆசிரியர்கள் என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

முதலாவது, நேரமில்லை, பாடத்திட்டமே நிரம்பி வழிகிறது. உண்மைதான். ஆனால் நான் புதிய பாடம் ஒன்றையும் கேட்கவில்லை. தொடரிணைப்பு, ஓம் விதி, திறன், மின்னூட்டம் என்பது மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கினால் வருவது ஆகிய எல்லாமே ஏற்கெனவே பாடத்தில் உள்ளவை. ஏற்கெனவே செய்யும் பயிற்சி ஒன்றில் விளக்குக்குப் பதிலாக ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைத்தால் போதும். எண் துள்ளும்போது “எதை எழுதுவது?” என்று மாணவர் கேட்பார் அல்லவா, அந்தக் கேள்விக்காகவே அந்த ஒரு பாடவேளையைச் செலவிடலாம்.

இரண்டாவது, ஆபத்து. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 12 வோல்ட் உடலைத் தாக்காது என்பது சரி. ஆனால் அந்தப் பேட்டரியின் இரு முனைகளும் ஒரு கம்பியால் நேராகச் சேர்ந்துவிட்டால் நூறு ஆம்பியருக்கு மேலும் பாயலாம். கம்பி பழுக்கக் காயும். மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறும் இதுதான்: அம்மீட்டரை மறந்துபோய்ப் பேட்டரியின் இரு முனைகளிலும் நேராக வைப்பது. லித்தியம் பேட்டரி உள்ள பெட்டிகளைத் திறக்கவே கூடாது. சுவர் மின்சாரத்தோடு இணைந்திருக்கும் எதையும் தொடக் கூடாது. ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதற்காக ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் ஆய்வுக்கூடத்திலும் கற்றுத்தராவிட்டால், ஒருநாள் அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத படுக்கையறையில் கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது மறுப்பு மாணவர்களிடமிருந்தே வரும்: கைப்பேசியே பேட்டரி சதவீதத்தைக் காட்டுகிறதே, எதற்கு அளப்பது? சதவீதம் என்பது ஒரு மதிப்பீடு. இத்தனை மிச்சம் இருக்கும் என்று அது சொல்லும். யார் சாப்பிட்டார்கள் என்று சொல்லாது. வண்ண விளக்கு 0.25 ஆம்பியர் தின்றதை எந்தச் சதவீதமும் எங்களுக்குச் சொல்லவில்லை.

உங்களால் முடிந்தது

வீட்டில் நீங்களே செய்து பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பென்சில் பேட்டரியில், அதாவது ஏஏ வகை மின்கலத்தில், இயங்கும் சின்ன ஒலிபெருக்கியோ வானொலியோ போதும். ஒரு துண்டு அட்டையின் இரண்டு பக்கமும், ஒன்றையொன்று தொடாதபடி, அலுமினியத் தாளை ஒட்டுங்கள். மின்கலத்துக்கும் அது தொடும் உலோகத் தகட்டுக்கும் நடுவே இந்த அட்டையைச் செருகுங்கள். இப்போது சுற்று அறுந்துவிட்டது. மல்டிமீட்டரை மின்னோட்ட அளவில் வைத்து, ஒரு முள்ளை ஒரு பக்கத் தாளிலும் மற்றதை மறுபக்கத் தாளிலும் வையுங்கள். சுற்று மீட்டர் வழியாக முழுமையாகும். ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டியதில்லை. முதலில் பெரிய அளவில் தொடங்கி, எண் சிறியதாக இருந்தால் மட்டும் கீழே இறக்குங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தம் இல்லாமல் அளந்து பாருங்கள். அந்த எண்தான் மிகவும் சுவையானது. எல்எம்386 என்ற பழம்பெரும் பெருக்கிச் சில்லு மின்கலத்தில் இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. சும்மா இருக்கும்போது அது இழுப்பது வழக்கமாக 4 மில்லியம்பியர். மின்கலத்தில் 2,000 மில்லியம்பியர்-மணி இருப்பதாக வைத்துக்கொண்டால், அணைக்க மறந்தாலும் 500 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 3 வாரம் தாங்கும். உங்கள் ஒலிபெருக்கி சும்மா இருக்கும்போது 40 மில்லியம்பியர் இழுத்தால்? இரண்டு நாளில் மின்கலம் தீர்ந்துவிடும். “நேத்துதான் புதுசு போட்டேன், அதுக்குள்ள தீர்ந்துடுச்சு” என்று வீட்டில் யாராவது சொன்னால், இனி நீங்கள் யாரையும் திட்ட வேண்டாம். அளந்து சொல்லலாம்.

பள்ளியில் ஒலிக்குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி, எந்த அளவு சத்தம், எத்தனை ஆம்பியர், எத்தனை நிமிடம் ஓடியது. நான்கே கட்டங்கள். ஓர் ஆண்டில் அந்த நோட்டு எந்த அட்டைப்பெட்டியையும்விட நம்பகமானதாகிவிடும். உங்கள் மேல் பழி வந்தால் உங்களுக்காகப் பேசுவதும் அதுதான்.

எங்கள் நோட்டில் அந்த வாரமே இரண்டாவது வரி விழுந்தது. வண்ண விளக்குகளை அணைத்தோம். சத்தத்தை 6 டெசிபல் குறைத்தோம். சராசரி 1.6 ஆம்பியராக இறங்கியது. பெட்டி 2 மணி 40 நிமிடம் ஓடியது. மின்னோட்டம் பாதியானதும் நேரம் இரண்டு மடங்குக்கும் கூடுதலாக நீண்டதைக் கவனித்தீர்களா? பாய்கெர்ட்டின் கிணறுதான். “அப்போ பின்வரிசைக்குக் கேட்காதே” என்று ஒரு மாணவர் கேட்டார். கேட்கும். திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் திரும்பக் கிடைக்கும். கீழ்த்தளத்தில் தூண்களும் சுவர்களும் இருப்பதால் சற்றுக் குறையலாம். பெட்டியைக் கூட்டத்தின் முன்னால் 8 மீட்டரில் வைத்திருந்தோம். பக்கவாட்டில், நடுவரிசைக்கு நேராக, நகர்த்தி வைத்தால் போதும். ஒரு காசு செலவில்லை.

அந்த மாணவரைத் திட்டியபோது பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஆகவே மன்னிப்பையும் அதே பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில்தான் கேட்டேன். பயிற்சி முடிந்த ஒரு மாலையில், அளவீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “அன்று நான் சொன்னது தவறு, அவர் சார்ஜ் போட்டிருந்தார், இதோ சான்று” என்றேன். அவர் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்தார். ஆனால் அடுத்த நிகழ்ச்சிக்கு ஒலிப் பொறுப்பை ஏற்க யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் முதலில் உயர்ந்த கை அவருடையதுதான்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “வண்ண விளக்கு மட்டும் போடக் கூடாது, டீச்சர்.”